ஒன்பதாவது படி

இது எனக்கு நடந்தது. நண்பியின் மாமிக்கு நடந்ததல்ல, வட்ஸ்அப்பில் வந்ததுமல்ல. பேய்க் கதை என்றால் அமாவாசையும் நடுச்சாமமும் வேண்டும் என்று நினைப்பவர்கள் இப்போதே எழுந்து போகலாம். எனக்கு நடந்தது பட்டப்பகலில், கல்முனையில், வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகை நேரத்தில். நேரங்களை நிமிடக் கணக்கில் சொல்லப்போகிறேன். என் வேலை அப்படி. இயந்திரம் நேரத்தை எழுதி வைக்கும். மனிதர்கள்தான் மாற்றிச் சொல்வார்கள்.

என் பெயர் நதீரா. ஊர் நிந்தவூர். நான்கு வருடம் கொழும்பில் வேலை பார்த்துவிட்டு, போன வருடம் ஏப்ரலில் கல்முனையில் ஒரு சின்னக் கணினிக் கொம்பனியில் சேர்ந்தேன். மொத்தம் ஐந்து பேர். முதலாளி ஸஜாத் காக்கா; எங்கள் பக்கம் காக்கா என்றால் அண்ணன். ஐவரில் நான் மட்டும்தான் பெண். "பொம்புளப் புள்ள சேவர் ரூமுக்குள்ள தனிய நிப்பாளா?" என்று முதல் நாளே ஒருத்தர் கேட்டார். நிற்பேன் என்று சொன்னேன். அந்த வாய்தான் பிறகு என்னை அங்கே கொண்டுபோய் நிறுத்தியது.

வேலை இதுதான். ஒரு தனியார் மருத்துவமனை, பெயர் வேண்டாம். நோயாளிகளின் பதிவுகள் அத்தனையும் ஒரு பழைய கணினியில் கிடந்தன. அதற்குப் பதிலாக மூன்று சேவர்களை, அதாவது மூன்று பெரிய கணினிகளை, ஒன்றாகக் கட்டி, பதிவுகளைச் சேர்த்து வைக்க அவர்களுக்கென்றே ஒரு பிரைவேட் கிளவுட் போட்டுக் கொடுக்க வேண்டும். மூன்றில் ஒன்று செத்தாலும் மற்ற இரண்டும் பதிவுகளைக் காப்பாற்றும் என்று சொல்லித்தான் எங்கள் கொம்பனி வேலையை எடுத்திருந்தது. நான் சோதித்து, "பாஸ்" என்று ஒப்பம் போட்டால் அன்று பின்னேரமே பதிவுகள் மாறும். பழைய கணினி அழிக்கப்படும். யாருக்கு எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது, யாருக்கு எந்த வகை இரத்தம் என்பதெல்லாம் அந்த ஒப்பத்தை நம்பித்தான் இருந்தன.

மருத்துவமனையின் கணினிகளை நிறுத்தி வேலை செய்ய வாரத்தில் ஒரே ஒரு நேரம்தான் கிடைக்கும். ஜும்ஆ நேரம். அவசரப் பிரிவைத் தவிர எல்லாம் மூடியிருக்கும். கடைகளும் மூடி, ஆண்கள் எல்லோரும் பள்ளிவாசலுக்குப் போய், பஜார் வீதி கழுவிவிட்ட மாதிரிக் கிடக்கும். ஆகவே ஜும்ஆவுக்குப் போகாத ஒருத்தர் அந்த வேலைக்கு வேண்டும். முன்பு அது ஜதுசன், காரைதீவுக்காரர், இந்து. அவருக்குப் பிறகு நான்.

ஜதுசனை நான் கண்டதில்லை. "அவன் வேலைய விட்டுட்டான்" என்று மட்டும் ஸஜாத் காக்கா சொல்லியிருந்தார். ஆனாலும் ஆளை எனக்குத் தெரியும். அவர் எழுதிய ஷெல் ஸ்கிரிப்டுகளை வைத்துத்தான் நான் வேலை செய்தேன். ஸ்கிரிப்ட் என்றால் கட்டளைகளை வரிசையாக எழுதிய கோப்பு. ஓடவிட்டால் மேலிருந்து கீழே ஒவ்வொரு படியாகச் செய்துகொண்டு போகும். ஒன்று நிறுவுவதற்கு, மற்றது சோதிப்பதற்கு. எல்லோரும் ஆங்கிலத்தில் செய்தி போடுவார்கள். ஜதுசன் தமிழில் போட்டிருந்தார். "படி 3 முடிஞ்சுது. எழும்பி முதுக நிமித்துங்க." "படி 6 கனநேரம் எடுக்கும். பிளேன்டீ குடிச்சிட்டு வாங்க." தனியே இருந்து வாசித்துச் சிரித்திருக்கிறேன். இப்படி ஒருத்தரோடு வேலை செய்யக் கிடைக்கவில்லையே என்று கவலையாகவும் இருந்தது.

சோதிக்கும் ஸ்கிரிப்டில் ஒன்பதாவது படி மட்டும் முடக்கப்பட்டிருந்தது. கட்டளையின் தலையில் # அடையாளம் வைத்தால் இயந்திரம் அந்த வரியைத் தாண்டிப் போய்விடும். அதை வைத்தது ஸஜாத் காக்கா.

"ஒம்பதாவது படி பழுது. அவன் பிழையா எழுதிட்டான். நீ அதில கை வெக்காத. பாஸ் எண்டு வரும், ஒப்பத்தப் போட்டுட்டு வா" என்றார் காலையில்.

அந்த # ஐ நான் என் கண்ணால் பார்த்தேன். இதை ஞாபகத்தில் வைத்திருங்கள்.

ஓகஸ்ட் மாதத்து இரண்டாவது வெள்ளி. சேவர் அறை மருத்துவமனையின் பின்கட்டடத்தில் இருந்தது. ஜன்னல் இல்லை. ஒரே வழி முன்னால் இருக்கும் இரும்பு ஷட்டர். நிறுவும் ஸ்கிரிப்டை 11:30க்கே ஓடவிட்டிருந்தேன்.

12:04. காவலாளி இப்றாஹிம் சாச்சா அத்தர் மணக்க வந்து ஷட்டரில் கை வைத்தார்.

"சாச்சா, பூட்டாதீங்க. நான் உள்ளுக்கு இரிக்கன்."

"திறந்து வெச்சிட்டுப் போனா சாமான் மிஞ்சுமா மகள்? ஒண்டரைக்குள்ள வந்திருவன்."

கடகடகட... டம். வெளியே பூட்டு விழுந்தது.

எனக்குக் கோபம்தான் வந்தது. அப்போது பயமில்லை.

12:29. நிறுவி முடிந்தது. மூன்று சேவர்களும் புத்தம் புதிதாக எழும்பி நின்றன. திரையில் ஜதுசனின் வரி வந்தது. "முடிஞ்சுது. இனிச் சோதிச்சுப் பாருங்க. நம்பாதீங்க."

12:31. என் முதுகுப் பக்கம் ஒரு சத்தம்.

டக்.

அங்கே சேவர்களை அடுக்கிய இரும்பு அலுமாரி மட்டும்தான் இருந்தது. அதன் நடுவில் ஒரு லாச்சி, இழுத்துத் திறக்கும் இழுப்பறை. உள்ளே சின்னத் திரையும் ஒரு கீபோர்டும். அவசரத்துக்கு நேரடியாகச் சேவரில் வேலை செய்வதற்கு. லாச்சி பூட்டியிருந்தது. சாவி இப்றாஹிம் சாச்சாவிடம்.

டக்... டக் டக்... டக்...

யாரோ தட்டெழுதும் சத்தம். மூடிய லாச்சிக்குள்ளே.

எலி என்று முடிவெடுத்தேன். முடிவெடுத்தால் நான் மாற்றுவதில்லை. சோதிக்கும் ஸ்கிரிப்டை ஓடவிட்டேன். அது பத்துப் போலிக் கணினிகளை உருவாக்கி, ஒவ்வொன்றிலும் ஒரு கோப்பு எழுதும். படி ஒன்று, இரண்டு, மூன்று என்று ஓடியது. எட்டு முடிந்தது. அடுத்தது பத்துக்குத் தாவ வேண்டும்.

12:40. தாவவில்லை.

"படி 9. சேவர் மூண்டின்ட கரண்ட வெட்டிப் பாக்கவா? ஓம் / இல்ல"

"இல்ல" கொடுத்து நிறுத்தினேன். கோப்பைத் திறந்தேன். # இல்லை.

காலையில் பிழையாகப் பார்த்திருப்பேனா? ஸஜாத் காக்காவுக்கு அழைத்தேன். மணி போனது. எடுக்கவில்லை. பள்ளியில் இருப்பார். நானே # ஐத் திரும்ப வைத்தேன். சேமித்தேன். திரும்பத் திறந்து இரண்டு தடவை பார்த்தேன். இருந்தது. ஓடவிட்டேன்.

12:43. "படி 9. சேவர் மூண்டின்ட கரண்ட வெட்டிப் பாக்கவா?"

மறுபடியும் அழைத்தேன். எடுக்கவில்லை.

கோப்பைத் திறந்தேன். # இல்லை. ஒன்பதாவது படிக்கு மேலே ஜதுசன் ஒரு குறிப்பு எழுதியிருந்தார். எத்தனையோ தடவை தாண்டிப்போன குறிப்பு. இப்போதுதான் வாசித்தேன்.

"இதத் தாண்டாதீங்க. சேவர் மூண்டு எழுதினன் எண்டு சொல்லுது. எழுதுதில்ல போல. நான் நிண்டாலும் நிக்காட்டியும் இத ஓட்டிப் பாருங்க."

அறை குளிர்ந்தது. ஏசி 20இல்தான் இருந்தது. என் விரல் நுனிகள் மரத்துப்போயின.

# வைத்தேன். இந்தத் தடவை கோப்பையே பூட்டினேன், யாரும் ஓர் எழுத்தும் மாற்ற முடியாதபடி. ஓடவிட்டேன்.

பின்னால்...

டக் டக் டக் டக் டக்... விடாமல். அவசரமாக. நேரம் போகிறது என்று தெரிந்தவர் அடிக்கிற மாதிரி.

12:47. "படி 9."

மூன்றாவது தடவை அழைத்தேன். எடுக்கவில்லை.

பயம் போக ஓதும் ஆயத்துல் குர்ஸியை ஓதினேன். பாதியில் மறந்துபோனது. சின்ன வயதிலிருந்து ஒருநாளும் மறக்காதது.

ஷட்டர் பூட்டு. சத்தம் போட்டாலும் கேட்க ஆளில்லை. அழுகை வந்தது.

பிறகு ஆத்திரம் வந்தது. என் வேலை. என் ஸ்கிரிப்ட். என் ஒப்பம். எழும்பி அலுமாரியைப் பார்த்து நின்றேன்.

"ஆரா இருந்தாலும் கேளு" என்றேன். குரல் நடுங்கியது, நடுங்கட்டும். "என்னப் பயங்காட்டி வெளிய அனுப்ப ஏலா. கதவு பூட்டு. சொல்ல இரிக்கிறதச் சொல்லு. நான் கேக்கிறன்."

சத்தம் நின்றது.

அவ்வளவு சுத்தமாக நின்றது.

மேசைக்கு வந்தேன். "ஓம்" கொடுத்தேன்.

சேவர் மூன்றின் விசிறிகள்... ஊ... என்று இறங்கி...

நின்றன.

எட்டு நிமிடம் அசையாமல் இருந்தேன்.

12:58. சேவர் மூன்று திரும்பி எழும்பியது. பத்துக் கோப்புகளில் நான்கு வெறுமை. அந்த நான்கையும் பத்திரமாக எழுதிவிட்டேன் என்று சேவர் மூன்று சத்தியம் செய்திருந்தது. ஒரு எழுத்துக்கூட இல்லை.

"தோல்வி" என்று திரையில் வந்தது.

இப்போது இந்தச் சேவர்களுக்குள் யார் யார் இருக்கிறார்கள் என்று கேட்கும் கட்டளையைக் கொடுத்தேன். ஒரு பெயர்தான் வர வேண்டும். இரண்டு வந்தன.

நதீரா. லெப்டொப்பிலிருந்து.

ஜதுசன். லாச்சிக் கீபோர்டிலிருந்து. உள்ளே வந்த நேரம் 12:31. இன்னும் வெளியேறவில்லை.

அந்தச் சேவர்கள் எழும்பி அரை மணித்தியாலம்தான். அப்படி ஒரு பெயரை நான் அவற்றில் பதியவே இல்லை.

1:09. யாரோ ஷட்டரில் இரண்டு கையாலும் அடித்தார்கள்.

"நதீரா... நதீரா... உயிரோட இரிக்கியா?"

ஸஜாத் காக்கா. பூட்டைத் திறந்து ஷட்டரைத் தூக்கினார் இப்றாஹிம் சாச்சா. ஸஜாத் காக்காவின் காலில் செருப்பில்லை. என்னைக் கண்டதும் அப்படியே நிலத்தில் உட்கார்ந்துவிட்டார்.

"என்ன நடந்த காக்கா?" என்று நான்தான் கேட்க வேண்டியிருந்தது.

தொலைபேசியை நீட்டினார். நான் கொடுத்த மூன்று அழைப்புகள். 12:40. 12:43. 12:47. பிறகு விரலால் தள்ளி, படம் பிடித்து வைத்திருந்த ஒரு பழைய அழைப்புப் பட்டியலைக் காட்டினார். ஜனவரி மாதத்து ஒரு வெள்ளிக்கிழமை. ஜதுசன். 12:40. 12:43. 12:47.

"அண்டைக்கும் போன் சைலன்ட்ல இருந்த" என்றார். "நான் பள்ளியில குத்பாப் பிரசங்கம் கேட்டுக்கிட்டு இருந்தன். தொழுதிட்டு வந்துதான் பாத்த."

ஜதுசன் வேலையை விடவில்லை. அதே அறையில், அதே பூட்டிய ஷட்டருக்குப் பின்னால், மாரடைப்பில் இறந்திருந்தார். வயது முப்பத்தொன்று. ஐம்பது அடி தூரத்தில் அவசரப் பிரிவில் டொக்டர் இருந்தார்.

"வேலைய விட்டுட்டான் எண்டீங்களே" என்று கேட்டேன்.

லாச்சியைத் திறக்கச் சொன்னேன். இப்றாஹிம் சாச்சா சாவி போட்டு இழுத்தார். கீபோர்டு முழுக்கத் தூசி படிந்திருந்தது. ஒரு விரல் பட்ட அடையாளம்கூட இல்லை.

கொஞ்ச நேரத்தில் ஸஜாத் காக்காவுக்கு மூச்சு வந்தது. அவருக்குள் இருந்த முதலாளியும் திரும்பி வந்தார். "சரி, பாஸ் எண்டு போடு. ஆஸ்பத்திரி டைரக்டர் ஒண்டரைக்கு வாறார். சேவர் மூண்ட மறுகா மாத்துவம்."

"போட மாட்டன்."

"நதீரா, என்ட நிலைமைய யோசி."

"அந்த மனிசன் பிழையா எழுதல்ல காக்கா. நீங்க # போட்டு மூடின. நானும் மூடணுமா? வேலையால நிப்பாட்டுறதெண்டா நிப்பாட்டுங்க."

"தோல்வி" என்று எழுதி, கீழே என் ஒப்பத்தைப் போட்டு, டைரக்டரின் கையில் நானே கொடுத்தேன். பழைய கணினியை அழிக்கவில்லை. ஒரு மாதத்தில் புதிய சேவர் வந்தது. ஸஜாத் காக்கா என்னை நிறுத்தவில்லை. நிறுத்தியிருந்தாலும் இதைச் சொல்லியிருப்பேன்.

ஜின் என்று சிலர் சொன்னார்கள். பிரமை என்று சிலர். நேரங்களைக் காட்டினால் வாயை மூடிக்கொள்கிறார்கள்.

மூன்று கிழமைக்குப் பிறகு இப்றாஹிம் சாச்சா என்னைத் தனியே கூப்பிட்டார். ஜனவரியில் அந்த அறையின் கமரா பதிவைப் பார்த்தவர்களில் அவரும் ஒருத்தர்.

"மகள், இத நான் ஸஜாத் தம்பிக்குச் சொல்லல்ல. தாங்க மாட்டார்" என்றார். "அந்தப் புள்ள விழுந்தது பன்னெண்டு முப்பத்தொண்டுக்கு. மறுகா அசையவே இல்ல. போன் தூர மேசையில சார்ஜில கிடந்த. நாங்க கதவத் திறக்கும்வரைக்கும் அத ஒரு கையும் தொடல்ல."

12:31க்கு விழுந்தவர். 12:40. 12:43. 12:47.

சோதிக்கும் ஸ்கிரிப்டில் ஒன்பதாவது படி அப்படியேதான் இருக்கிறது. அதன் தலையில் # இல்லை, வைக்க நான் விடப்போவதும் இல்லை. வெள்ளிக்கிழமைகளில் இன்றைக்கும் அந்த அறையில் நான்தான் நிற்கிறேன், ஷட்டரை முழுவதும் திறந்து வைத்துக்கொண்டு.