பேச்சு நின்னா கத்தி கழுத்துல

இன்னைக்குச் சந்திச்ச ஆளு பொன்னழகு. அவரோட சலூனுக்குள்ள நான் நுழையும்போதே அவரு பேசிக்கிட்டிருந்தாரு. "அந்த டவுன் பஸ்ஸு இருக்கே, மழை பெஞ்சா உள்ளுக்குள்ள குடை பிடிக்கணும். டிரைவரு மட்டும்..." அவ்வளவுதான், பேச்சு நின்னுருச்சு. நாற்காலியில அண்ணாந்து கிடந்தவரோட தொண்டைக்குச் சவரக் கத்தி வந்துருச்சு. பெஞ்சில காத்திருந்தவுக எல்லாரும் பேப்பரை மடியில இறக்கிட்டு, டிரைவரு என்ன பண்ணுவாருன்னு பொன்னழகு வாயையே பார்க்குறாக. தாடைக்குக் கீழ இருந்து காரை எலும்பு வரைக்கும் நிதானமா ஒரே இழுப்பு. கத்தியைத் துணியில துடைச்சுட்டு, "...தலைக்கு மேல ஒரு தாம்பாளத்தைக் கட்டித் தொங்கவிட்டிருக்காரு" ன்னு முடிச்சாரு.

காரைக்குடி செக்காலை ரோட்டுல சைக்கிள் கடைக்கும் டீக்கடைக்கும் நடுவுல ஒத்தை நாற்காலி சலூன். பலகையில பேரு கூட அழிஞ்சு போச்சு. ஆனா கழுத்துச் சவரத்துக்குன்னே கொத்தமங்கலத்துல இருந்தெல்லாம் ஆளு வருது! கன்னத்தை யாரு வேணாலும் வழிச்சிரலாம், கழுத்துலதான் வேலையே இருக்குங்கிறாரு பொன்னழகு. "கழுத்து முடி ஒரே பக்கமாவா மொளைக்குது? இங்குட்டுப் பாதி, அங்குட்டுப் பாதி, சந்தைக்கு வந்த சனம் மாதிரில்ல நிக்கும்." அதனால முதல்ல கண்ணை மூடிக்கிட்டு விரலால தடவிப் பார்ப்பாரு. அப்புறம் வெந்நீர்த் துண்டு, சோப்பு நுரை, திரும்பவும் ஒரு தடவல். தோல் வாருல கத்தியைத் தீட்டி, தன் இடது கையில நாலு முடியை வழிச்சுப் பார்த்துட்டுத்தான் அடுத்தவுக கிட்ட போவாரு. இடது கை பச்சப்புள்ளை கை மாதிரி மழமழன்னு இருக்கும். வலது கை கரடிக் கை.

அந்த வலது கையை அவரு வச்சிருக்கிற பவிசு இருக்கே! கிணத்துல தண்ணி இறைக்க மாட்டாரு, மூட்டை தூக்க மாட்டாரு, சைக்கிளைத் தள்ளுறது கூட இடது கையாலதான். பாரம் தூக்கினா நடுக்கம் வரும்னு பயம். வேலை நடக்கையில அந்தக் கையை வீட்டுக்காரம்மா கூடத் தொடக் கூடாது.

இன்னொண்ணு, படிகாரம். மத்த கடையில சவரம் முடிஞ்சதும் எல்லாருக்கும் அதைத் தேய்ச்சு விடுவாங்க. இவரு கடையில அது கண்ணாடிக்கு மேல, சாமிப் படத்துக்குப் பக்கத்துல இருக்கு. வாங்கி ஒன்பது வருசமாம். நாலு மூலையும் வெட்டுன கல்கண்டு மாதிரி கூரா அப்படியே நிக்குது. "ரத்தம் வந்தாத்தானே படிகாரம்? அது மழுங்குற அன்னைக்கு நான் கடையைச் சாத்திருவேன்."

பத்து மணி இருக்கும். சின்னக்கருப்புன்னு ஒருத்தரு தன் கூட்டாளியை முதுகுல கையை வச்சுத் தள்ளிக்கிட்டே உள்ள வந்தாரு. கூட்டாளி பேரு பூமிநாதன். ஆத்தங்குடியில தரைக்கல்லு செய்யுறவரு, இருபத்தேழு வயசு, நெஞ்சு வரைக்கும் தாடி. சட்டையில மேல் பட்டன் ரெண்டும் திறந்து கிடக்கு.

"பொன்னழகண்ணே, சாயந்திரம் இவனுக்குப் பரிசம். பொண்ணோட தாய்மாமன் ஒரே முரண்டு. மாப்பிள்ளை தாடிக்குள்ள என்ன வியாதிய ஒளிச்சு வச்சிருக்காருன்னு கேக்குறாரு. வழிச்ச முகத்தைப் பார்க்காம பரிசத் தட்டை வாங்க மாட்டாராம். இந்தப் பய என்னடான்னா ரெண்டு கடையில பாதிச் சோப்போட எந்திரிச்சு ஓடிட்டான்."

பூமிநாதன் தாடியைத் தூக்கிக் காட்டினாரு. காதுக்குக் கீழ இருந்து தொண்டைக்குழி வரைக்கும் கயிறு திரிச்சு ஒட்டுன மாதிரி ஒரு தழும்பு! மூணு வருசத்துக்கு முந்தி மஞ்சுவிரட்டுல மாட்டுக் கொம்பு கிழிச்சதாம். அதுலேர்ந்து கழுத்துல துண்டு பட்டாக் கூட மூச்சு முட்டுது, பட்டன் போட முடியல, கத்தின்னா சொல்லவே வேணாம்.

"பொண்ணுக்குத் தெரியுமா தம்பி?" ன்னாரு பொன்னழகு.

"மீனாளுக்கா? கோயில்ல வச்சே காட்டிட்டேன். 'மாடுதானே குத்துச்சு, நீங்க யாரையும் குத்தலையே' ன்னுருச்சு. மாமன்காரருதான்..."

பெஞ்சில இருந்து ஜவுளிக்கடை ஜெகபர் சாதிக் குரல் குடுத்தாரு. "தம்பி, ஓடுறதா இருந்தா இப்பவே ஓடிருங்க. பரிசம்னு உங்களுக்கு வழி விட்டுட்டேன், அடுத்த ஆளு நான். நீங்க நுரையோட ஓடுனீகன்னா, வீணாகுதேன்னு மிச்ச நுரைய எம் மூஞ்சில அப்பிருவாரு."

கடையே சிரிச்சுச்சு. பூமிநாதன் சிரிக்கல. உக்கார்ந்தாரு.

கத்தரியால தாடி போச்சு. கன்னம் ரெண்டும் போச்சு. பொன்னழகு பேச்சை விடவே இல்ல. "கண்டனூர்ல ஒரு கல்யாணத்துக்கு மாப்பிள்ளைச் சவரத்துக்குப் போனேன் தம்பி. வீடா அது? முன்வாசல் ஒரு தெரு, பின்வாசல் அடுத்த தெரு. மாப்பிள்ளையைத் தேடித் தேடிக் காலே போச்சு. ஒரு ரூமுல ஒருத்தரு துண்டைப் போர்த்திக்கிட்டுத் தூங்கி வழியிறாரு. சரி இவருதான்னு நுரையைப் போட்டேன். மீசை வேணாம்னு சொல்லி விட்டிருந்தாக, அதையும் எடுத்துட்டேன். முடிச்சு நிமிர்ந்து பார்த்தா, அவரு..."

பேச்சு நின்னுச்சு. அந்த நிமிசமே பூமிநாதன் விருட்டுன்னு முன்னால பாய்ஞ்சாரு. நல்லவேளை, பொன்னழகு அதுக்குள்ள கத்தியைத் தூக்கிட்டாரு! ஒரு நொடி தாமதிச்சிருந்தா? ஆனா அதுலயே அவருக்கு ஒண்ணு பட்டுன்னு விளங்கிருச்சு. இந்தப் புள்ளை பயந்தது கத்திக்கு இல்ல. பேச்சு நின்னதுக்கு. பேச்சு நின்னாக் கத்தி வருதுன்னு தன் வாயே காட்டிக் குடுக்குது. பேசிக்கிட்டே வழிக்கலாம்னா, பேசணும்னா மூச்சு விடணும். மூச்சு விட்டாக் கை ஆடும்.

கத்தியை மடக்கி வச்சுட்டு, எதிர்ல குத்த வச்சு உக்கார்ந்தாரு.

"தரைக்கல்லுக்குக் கண்ணாடி மேல கலரு ஊத்துவீகளே, அப்ப பேசுவீகளா தம்பி?"

"ம்ஹூம். மூச்சே விட மாட்டேன். கை அசைஞ்சா பூவு கலைஞ்சிரும்."

"நானும் அதுக்குத்தான் வாயை மூடுறேன். வேற ஒண்ணுமில்ல." அப்புறம் யாரும் எதிர்பார்க்காத மாதிரி அந்த வலது கையை நீட்டினாரு. "மணிக்கட்டைப் பிடிச்சுக்கங்க. நீங்க இறுக்குனா நிக்கிறேன். தளர்த்துனா நகருறேன். கத்தி எங்கையில இல்ல, உங்கையில இருக்கு."

"யோவ் பொன்னழகு, கையைப் பிடிச்சா எப்புடிய்யா?" ன்னு சாதிக் எந்திரிச்சே நின்னுட்டாரு. பொன்னழகு திரும்பிப் பார்க்கல.

மூலையில பாடிக்கிட்டிருந்த ரேடியோவைச் சின்னக்கருப்பு அமத்தினாரு. கத்தி தழும்புக்கிட்ட போச்சு. மேடு ஒரு பக்கம், பள்ளம் ஒரு பக்கம், பள்ளத்துக்குள்ளதான் முடி ஒளிஞ்சு கிடக்கு. இடது கட்டைவிரலால தோலை இழுத்துப் பிடிச்சு, கத்தியோட நுனியை மட்டும் உள்ள விட்டாரு. பிடி இறுகுச்சு. கத்தி நின்னுச்சு. பிடி தளர்ந்துச்சு. கத்தி நகர்ந்துச்சு. தொண்டைக்குழிக்கு வந்ததும் பூமிநாதன் விரலெல்லாம் வெளுத்துப் போச்சு. விடவே இல்ல. பொன்னழகு மூக்கு நுனியில வேர்வை தொங்குது, துடைக்கக் கை இல்ல. வெளியில டீ ஆத்துற சத்தம் கேக்குது. அடுத்த ஆளுன்னு அவசரப்பட்ட சாதிக் கூட அசையாம நிக்கிறாரு. ரொம்ப நேரங்கழிச்சு ஒவ்வொரு விரலா இளகுச்சு. மிச்சமிருந்த அந்த அரை அங்குலமும் போச்சு.

முக்கால் மணி நேரம்! பிடரியை நாலே இழுப்புல முடிச்சுட்டு, பொன்னழகு கத்தியைத் துடைச்சாரு. ஒரு பெரிய மூச்சு விட்டாரு.

"...அவரு மாப்பிள்ளையே இல்ல தம்பி. பொண்ணோட தாய்மாமன்!"

சாதிக் பெஞ்சைத் தட்டித் தட்டிச் சிரிச்சாரு. பூமிநாதன் அண்ணாந்து சிரிச்சாரு பாருங்க, அம்புட்டுப் பேருக்கும் முன்னால கழுத்து முழுக்கத் தெரியுற மாதிரி! "ஐயோ அண்ணே, சாயந்திரம் மீனாளோட மாமன் மீசையைப் பார்த்தா எனக்குச் சிரிப்பு வந்துருமே!" கண்ணாடியில குனிஞ்சு தழும்பைத் தடவிப் பார்த்தாரு. அப்புறம் சட்டையில மேல் பட்டன் ரெண்டையும் மெதுவாப் போட்டாரு.

அவுக ரெண்டு பேரும் படி இறங்குற வரைக்கும் பொன்னழகு வலது கையைத் துண்டுக்குள்ளயே வச்சிருந்தாரு. இறங்கினதும் எடுத்தாரு. மணிக்கட்டுல நாலு நகமும் பதிஞ்சு, ரெண்டு இடத்துல ரத்தம். "சாதிக் பாய், வந்து உக்காருங்க" ன்னு சொல்லிக்கிட்டே, சாமிப் படத்துக்குப் பக்கத்துல கையை விட்டாரு.

காரைக்குடிப் பக்கம் வந்தீங்கன்னா கட்டாயம் அந்தக் கடைக்கு ஒரு தடவை போங்க, உங்க கழுத்தைக் குடுங்க. பேச்சு பாதியில நின்னா பயப்படாதீங்க. கண்ணாடிக்கு மேல அந்தப் படிகாரக் கல்லையும் பாருங்க. மூணு மூலை கூரா இருக்கும், ஒண்ணு மட்டும் மழுங்கியிருக்கும். ஏன்னு கேட்டீங்கன்னா, அவரு சட்டைக் கையை மணிக்கட்டு வரைக்கும் இழுத்து விட்டுக்குவாரு.