யார் பேசினாலும் நிறுத்தாத பாட்டு

எங்கள் சேலையூர்ப் பள்ளியில் மியூசிக் மிஸ் வாயைத் திறந்தால் பிள்ளைகள் கப்சிப். அந்த மிஸ் நான்தான். வருஷக்கணக்காகத் தொண்டை கிழியக் கத்தி வாங்கிய அமைதி அது. அதுவே ஒருநாள் எனக்கு வேட்டு வைக்கும் என்று யார் கண்டது?

எட்டாம் வகுப்பில் மிசோரத்திலிருந்து ஒரு மிசோ பெண் புதிதாகச் சேர்ந்திருந்தாள். அப்பாவுக்குச் சிறுசேரியில் வேலை. தமிழ் அவளுக்கு இன்னும் அரைகுறைதான். ஆண்டு விழாவுக்கு அவர்கள் ஊர்ப் பாட்டு ஒன்றைப் பாடலாம் என்று நான் சொன்னதும் கரஸ்பாண்டென்ட் சார் குஷியாகிவிட்டார். "சூப்பர் மிஸ். கீபோர்டுல பீட் போட்டுடுங்க. தலையில இறகு கிறகு வெச்சா கலக்கலா இருக்கும்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "அவங்க எப்படிப் பாடுவாங்களோ அப்படியே பாடறோம் சார்."

"வெள்ளிக்கிழமை பார்க்கறேன். சரியா வரலைன்னா கீபோர்டுதான்."

அந்தப் பெண்ணின் அம்மா வீட்டு மேளத்தையே கொண்டுவந்து எனக்குப் பாடிக் காட்டினார். மேளத்தைச் சுற்றி எல்லாரும் கூடி, ஒவ்வொரு வரியின் கடைசியையும் நீளமாக இழுக்க வேண்டும். அந்த இழுவை அடங்கும் முன்பே ஒருவர் அடுத்த வரியைக் கடகடவென்று சொல்லிவிட வேண்டும். கேட்ட அன்றைக்கு எனக்குத் தூக்கமே வரவில்லை, அவ்வளவு சந்தோஷம்.

வகுப்பில் மேளம் என் கையில். வரி எடுத்துக் கொடுப்பது அவள். முதல் வரி அருமை. இரண்டாவதைச் சொல்ல அவள் வாயைத் திறந்தாளோ இல்லையோ, மொத்த வகுப்பும் வாயை மூடிக்கொண்டது. யாராவது பேசினால் சத்தம் போடக்கூடாது என்று நான் பழக்கிய பிள்ளைகள்! வரிக்கு வரி பாட்டு அறுந்தது, சிரிப்பு வெடித்தது. வியாழக்கிழமை அவள் கண்கலங்கி வந்து நின்றாள்.

"வேணாம் மிஸ். கீபோர்ட் ஓகே. எல்லாம் சிரிக்குது."

நேராக வகுப்புக்குப் போய் மேஜையைத் தட்டினேன். "இன்னைக்கு யார் பேசினாலும் பாட்டை நிறுத்தக்கூடாது. நான் பேசினாலும்தான்!"

"நிஜமாவா மிஸ்?"

"சத்தியமா."

அவர்கள் பாடப் பாட நான் அட்டெண்டன்ஸ் எடுத்தேன். திட்டினேன். என் வீட்டுச் சாம்பார் கதையைச் சொன்னேன். ஒரு பிள்ளை நிறுத்த வேண்டுமே! அவர்கள் இழுத்த இழுவைக்கு நடுவே அவள் குரல் துள்ளிக்கொண்டு வந்தது. எனக்கு அங்கேயே ஆட வேண்டும் போலிருந்தது.

வெள்ளிக்கிழமை ஒத்திகையில் சார் முன்வரிசையில் உட்கார்ந்தார். பாதிப் பாட்டில் மைக்கை எடுத்தார். "போதும், போதும். அடுத்த ஐட்டம் வரட்டும்."

பிள்ளைகள் பாடினார்கள்.

"ஸ்டாப், சில்ட்ரன்!"

இன்னும் நீளமாக இழுத்தார்கள். நானும் மேளத்தை விடவில்லை. அவள் அவர் குரலுக்கு மேலேயே அடுத்த வரியைச் சொன்னாள். சார் மெல்ல மைக்கைக் கீழே வைத்துவிட்டுக் கடைசிவரை கேட்டார்.

"கீபோர்டு வேணாம் மிஸ்," என்றார். பிறகு அவளைப் பார்த்து, "அப்போ விழா அன்னிக்கு நான் பேசவே கூடாதாம்மா?" என்றார்.

அவள் முகமெல்லாம் சிரிப்பு.

"பேசுங்க சார். நாங்க பாடும்."