கெஸ்ட்ரலின் கூரை உயர்ந்த விதம்

நார்ம் ஸ்டாச்சுராவை அறிந்தவர்கள் யாரும் அவரை ஞானி என்று சொன்னதில்லை. ஆனால் எதையும் திட்டவட்டமாகச் சொல்லிவிடுவார். டெட்ராய்ட்டுக்கு வடக்கே வாரன் நகரத்து டோனட் கடை வாசலில், சனிக்கிழமைக் காலைகளில், இந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் பெரும்பாலும் கண்ணில் படுவதில்லை.

பிறந்தது ஹம்ட்ராம்க்கில், போலந்துக்காரர்களின் தெரு ஒன்றில். அப்பா கார் தொழிற்சாலைக்குப் போனார். பள்ளிப் படிப்பு முடிந்ததும் நார்மும் அதே வாசல் வழியாக உள்ளே போனார். கதவுத் தகடுகளை அழுத்தி எடுக்கும் இயந்திரத்தின் முன்னால் நின்றபடியே வாழ்நாளின் நல்ல பகுதி கழிந்தது. அதில் காது கொஞ்சம் மந்தமாயிற்று, இடது முழங்கால் கெட்டது. லொரெய்ன் என்ற பெண்ணை மணந்தார். இரண்டு மகள்கள் பிறந்து வளர்ந்து, பனி விழாத மாநிலங்களுக்குப் போய்விட்டார்கள். அந்த ஊரில் எல்லோருக்கும் நடப்பதுதான் இதெல்லாம். அவருக்கு மட்டும் என்று ஒன்று வாய்த்தது என்றால், அது 1969ஆம் வருடத்துக் கெஸ்ட்ரல்.

அன்றைய மசில் கார்களில் அதுவும் ஒன்று. சின்ன உடம்புக்குள் லாரிக்குப் போதுமான எஞ்சினைத் திணித்து, நேர்ச் சாலையில் பறக்கவும் திருப்பத்தில் கடவுளை நினைக்கவும் ஏற்றதாகச் செய்த வண்டி. அதை ஒரு விதவையிடமிருந்து வாங்கிய நாள் முதல் எதையும் மாற்றவில்லை என்பது நார்மின் பெருமை. டயர், பிரேக், ரேடியேட்டர், இருக்கைத் துணி, அடித்தகடு எல்லாம் மாறியிருந்தன. ஆனால் ஒவ்வொன்றும் அதே வருடத்துப் பாகமாகத் தேடிப் போட்டது என்பதால், அவர் கணக்கில் அவை மாறியவை அல்ல. தொழிற்சாலையில் அவசரத்தில் கதவடியில் வழிந்திருந்த பெயிண்டைக்கூட, புதுப் பெயிண்ட் அடித்தபோது அதே இடத்தில் வழியவிடச் சொல்லி, பக்கத்தில் நின்று பெயிண்ட்காரரின் உயிரை வாங்கினார். யாரோ செய்த பிழையை இவ்வளவு பக்தியோடு காப்பாற்றுவதை நாம் மதங்களில்தான் பார்த்திருக்கிறோம்.

ஏப்ரலில் நல்ல மழை ஒன்று பெய்து, பனிக்காகச் சாலையில் கொட்டிய உப்பைக் கழுவியதும் பழைய வண்டிகள் கொட்டகையை விட்டு வெளியே வரும். சனிக்கிழமைகளில் டோனட் கடைப் பலகையின் கீழ் கெஸ்ட்ரல்கள் மட்டும் வரிசையாக நிற்கலாம். வேறு எதில் வந்தாலும், வருகிறவர் யாராக இருந்தாலும், எதிர்ப்புறம் குப்பைத் தொட்டி ஓரமாக நிறுத்திவிட்டு நடந்து வர வேண்டும். பானெட் திறந்திருந்தால் கேள்வி கேட்கலாம், மூடியிருந்தால் கூடாது. இந்தச் சட்டங்களை யாரும் எழுதிவைக்கவில்லை. சந்தேகம் வந்தால் நார்மைக் கேட்பார்கள். அதனால் அவருக்கு ‘ஜட்ஜு’ என்று பெயர். கிண்டலாக வைத்த பெயர்தான். அவர் அதை அப்படி எடுத்துக்கொள்ளவில்லை.

கெஸ்ட்ரல் கம்பெனி தன் வண்டியின் வடிவத்தை எப்போது மாற்றினாலும் அந்த வரிசையில் துக்கம் அனுஷ்டிப்பது வழக்கம். எண்பதுகளில் சதுரமாக ஒரு கெஸ்ட்ரல் வந்தபோது, சவப்பெட்டிக்குச் சக்கரம் வைத்தது போல இருக்கிறது என்றார்கள். பிற்பாடு அந்தச் சவப்பெட்டிகளில் ஒன்று பலகையின் கீழ் நிற்கத் தொடங்கியது. அது எப்போது உள்ளே வந்தது, யார் அனுமதித்தது என்று யாருக்கும் நினைவில்லை. அதன் சொந்தக்காரர் ரஸ் வாண்டர்மோலன். காப்பீட்டுக் கம்பெனி ஒன்றில், விபத்தில் நசுங்கிய கார்களுக்கு மதிப்புப் போட்டு ஓய்வு பெற்றவர். புதிய வடிவங்களை ஏசுவதில் அவருக்கு இணை கிடையாது.

நார்மின் கதையில் சிக்கல் வந்தது விமான நிலையத்துக்குப் பக்கத்தில், ஜன்னல் இல்லாத ஒரு கூடத்தில். பழைய கார் வைத்திருப்பவர்களின் கருத்தைக் கேட்கிறோம் என்று யாரோ தொலைபேசியில் அழைக்க, அவர் போனார். வெளியே மூச்சு விடக் கூடாது என்று கையெழுத்து வாங்கிக்கொண்டார்கள். உள்ளே சாம்பல் நிறத்தில் ஒரு மாதிரி வண்டி நின்றது. பெயர் இல்லை, சின்னம் இல்லை, முன்விளக்குகளின் மேல் கறுப்புத் துணி ஒட்டியிருந்தது. நார்ம் அதைச் சுற்றி வந்தார், பின்பக்கத்தில் கொஞ்ச நேரம் நின்றார், உள்ளே உட்கார முயன்று முழங்காலைப் பிடித்துக்கொண்டார்.

குறிப்பெடுத்த பெண்ணிடம் அவர் மனம் திறந்தார். “கூரைய இன்னும் நாலு விரல் ஒசத்துங்கம்மா. கதவ அகலமா வைங்க. நாற்காலில உக்கார்ற மாதிரி இருக்கணும். குழிக்குள்ள எறங்கற மாதிரி இருந்தா எவன் வாங்குவான்?”

பிறகு, அது எந்தக் கம்பெனி என்று கேட்டார். அவள் சிரித்தாளே தவிரச் சொல்லவில்லை. ஜப்பான்காரர்களின் வேலையாகத்தான் இருக்கும், நம் ஆட்களுக்கு இப்படி அழகாகச் செய்ய வராது என்று லொரெய்னிடம் மட்டும் சொன்னார்.

இரண்டு வருடம் கழிந்து ஒரு பிப்ரவரியில் கம்பெனி புதிய கெஸ்ட்ரலின் படத்தை வெளியிட்டது. அந்தச் சனிக்கிழமை வெளியே பனி குவிந்திருந்ததால் எல்லோரும் கடைக்குள்ளேயே, ஆளுக்கொரு கைப்பேசியை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். ரஸ்தான் ஆரம்பித்தார். ரொட்டி சுடும் டோஸ்டருக்கு டயர் மாட்டியிருக்கிறார்கள் என்றார். வட்ட விளக்குகளை எடுத்துவிட்டு வைத்திருந்த ஒடுங்கிய விளக்குகளைப் பார்த்து, கண்ணாடியைத் தொலைத்தவன் முறைப்பது போல இருக்கிறது என்றார் இன்னொருவர். எல்லோருக்கும் பெரிய அவமானமாகப் பட்டது கூரை. அது உயர்ந்திருந்தது. கெஸ்ட்ரல் என்றால் தரையோடு பதுங்க வேண்டும். இது தேவாலயத்துக்குக் கிளம்பிய அத்தை மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்திருக்கிறது என்று முடிவாயிற்று.

நார்ம் அந்தக் கூரையை உடனே அடையாளம் கண்டுகொண்டார். பெற்ற பிள்ளையைக் காவல் நிலையத்தில் பார்ப்பவர் போல அந்தப் படத்தைப் பார்த்தார். மேஜை முழுக்க அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. அப்படிப் பல கண்கள் பார்க்கும்போது, மனிதன் தான் நினைப்பதைச் சொல்வதில்லை. தன்னிடம் எதிர்பார்ப்பதைச் சொல்லிவிட்டு, அதைத்தான் நினைத்ததாக நம்பிக்கொள்கிறான்.

“இது கெஸ்ட்ரலே இல்ல,” என்றார் நார்ம். “எவன் வாங்கினாலும் குப்பத்தொட்டிப் பக்கம்தான்.”

எல்லோரும் தலையாட்டினார்கள். ட்வைட் லஹ்டி மட்டும் காப்பியைக் கலக்கிக்கொண்டே இருந்தார். வடக்கே ஏரிக்கரை ஃபின்லாந்துக்காரர்களின் பிள்ளை, நெடிய உருவம், பள்ளிப் பேருந்து ஓட்டிப் பிழைத்தவர். மனைவி இறந்த பிறகு அவர் வாரத்தில் வாய் திறந்து பேசுவது சனிக்கிழமை மட்டும்தான். அன்றும் அதிகம் பேசமாட்டார். நார்முக்கு அவரைவிட நெருங்கிய நண்பர் இல்லை.

அந்தக் குளிர்காலத்தில்தான் ட்வைட்டுக்கு இடுப்பு எலும்பு மாற்றினார்கள். ஏப்ரலில் வரிசை கூடியபோது அவரும் தன் பழைய கெஸ்ட்ரலில் வந்து சேர்ந்தார், ஆனால் இறங்க முடியவில்லை. இரண்டு பேர் ஆளுக்கொரு கையைப் பிடித்து இழுத்தார்கள். ரஸ் வேடிக்கையாக ஏதோ சொல்ல, ட்வைட்டும் சிரித்தார். அடுத்த வாரம் அவர் இறங்கவே இல்லை. ஜன்னல் வழியாகக் காப்பியை வாங்கிக் குடித்துவிட்டுப் போனார். அதற்கடுத்த வாரம் வரவில்லை.

நார்ம் அவர் வீட்டுக்குப் போனார். ட்வைட் சமையலறையில் உட்கார்ந்திருந்தார். பழைய வண்டியை விற்கப்போவதாகவும், புதியதை ஒருமுறை ஓட்டிப் பார்த்ததாகவும் சொன்னார். கதவைத் திறந்தால் இருக்கை இடுப்பு உயரத்துக்கு நிற்கிறதாம். உட்கார்ந்தால் போதுமாம், இறங்கவோ ஏறவோ வேண்டியதில்லையாம்.

“அதுலயே வரலாம்னு பாக்கறேன், நார்ம். நீ என்ன சொல்றே?”

அந்தக் கூரையின் கதையைச் சொல்லிவிடலாம் என்று நார்ம் வாயெடுத்தார். ஆனால் சொன்னது வேறு. “நீ எதுல வேணா வா. ஆனா அது கெஸ்ட்ரல் இல்லன்னு எல்லார் முன்னாலயும் சொல்லியாச்சே.”

ட்வைட் யோசித்தார். “தொட்டிகிட்ட நிறுத்திட்டு அவ்வளவு தூரம் நடக்கறது இப்ப எனக்குக் கஷ்டம்,” என்றார். குறை சொல்லும் குரல் அல்ல அது. வானிலை சொல்வது போலச் சொன்னார்.

வீட்டில் இதைக் கேட்ட லொரெய்ன் பாத்திரம் துடைப்பதை நிறுத்தவில்லை.

“நீ ஆசையா கேட்டு வாங்கின கூரை. அதுக்குக் கீழ அவன் உக்காரக் கூடாது. அப்படித்தானே?”

“அது வேற, இது வேற.”

“என்ன வேற?”

நார்ம் கொட்டகைக்குப் போய், துடைக்கத் தேவையில்லாத ஒரு காரைத் துடைத்தார். என்ன வேறு என்பது அவருக்கே பிடிபடவில்லை. பெயர் தெரியாதபோது அழகாயிருந்தது, பெயரை ஒட்டியதும் அசிங்கமாகிவிட்டது. வண்டி மாறவில்லை. இதற்குமேல் இந்த யோசனையைத் தொடர்வது தனக்கு நல்லதல்ல என்று அவருக்குத் தோன்றியது.

ஜூன் மாதத்து ஒரு சனிக்கிழமை, சிவப்பு நிறத்தில் புதிய கெஸ்ட்ரல் ஒன்று கடை வாசலுக்கு வந்து நின்றது. வரிசையில் இடம் இருந்தது. வண்டி உள்ளே வரவில்லை. பக்கவிளக்கு மினுங்க, வாசலிலேயே காத்திருந்தது. கண்ணாடிக்குப் பின்னால் ட்வைட்டின் தொப்பி தெரிந்தது.

“ஜட்ஜு, தீர்ப்பு?” என்றார் ரஸ்.

நார்ம் தன் காகிதக் கோப்பையைப் பார்த்தார். “அந்தக் கூரைய ஒசத்தச் சொன்னது நான்தான்,” என்றார். பிறகு அந்தக் கூடம், சாம்பல் வண்டி, நாலு விரல், அது அழகாக இருக்கிறது என்று சொன்னது எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் சொன்னார். கையெழுத்துப் போட்டுக் கொடுத்த வாக்கை மீறுகிறோம் என்ற உதறல் குரலில் இருந்தது.

கேட்டவர்கள் முகத்தில் கோபம் வரும் என்று அவர் எதிர்பார்த்திருந்தார். வந்தது சிரிப்பு.

“கம்பெனிக்காரன் உன்னக் கூப்ட்டுக் கேட்டானாக்கும்,” என்றார் ரஸ். “ஆமாமா. போப்பாண்டவர்கூடப் போன வாரம் உங்கிட்ட ஏதோ சந்தேகம் கேட்டாராமே.”

நார்ம் இதுவரை சொன்ன தீர்ப்புகளில் பாதி தவறானவை. எல்லாவற்றையும் நம்பியவர்கள், அவர் சொன்ன ஒரே உண்மையை நம்பவில்லை. ஒருவர் முதுகில் தட்டி, நல்ல ஜோக் என்றார். இதற்குள் வாசலில் இருந்த சிவப்பு வண்டி, கேட்காமலே பதிலைத் தெரிந்துகொண்டது போல மெதுவாகத் திரும்பிக் குப்பைத் தொட்டி ஓரம் போய் நின்றது. எஞ்சின் அணைந்தது. கதவு திறக்கவில்லை.

நார்ம் கோப்பையை ரஸ்ஸின் கையில் கொடுத்தார். தன் பானெட்டை மூடினார். தாழ்ந்த அந்தக் காருக்குள் அவர் ஏறுவதை வழக்கமாக யாரும் பார்ப்பதில்லை. எல்லோருக்கும் முன்னால் வந்து கடைசியில் போவது அவர் பழக்கம், அது ஏன் என்று யாரும் யோசித்ததும் இல்லை. இப்போது எல்லோரும் பார்த்தார்கள். முதலில் முதுகைக் காட்டி உட்கார்ந்தார். கெட்ட காலை இரண்டு கையாலும் தூக்கி உள்ளே வைத்தார். நல்ல காலை இழுத்தார். ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினார். யாரும் சிரிக்கவில்லை. அவரவர் முழங்கால் அவரவருக்குத் தெரியும்.

வண்டியைக் கிளப்பி, எதிர்ப்புறம் கொண்டுபோய், சிவப்பு வண்டிக்குப் பக்கத்தில் ஒட்டி நிறுத்தினார். அதே பாடுபட்டு இறங்கி, அந்தப் பக்கத்துக் கதவைத் திறந்து ட்வைட்டின் அருகில் உட்கார்ந்தார். உட்காருவதற்கு ஒரு நொடிகூட ஆகவில்லை. இருக்கை சரியான உயரத்தில் இருந்தது. அது அவருக்கு எரிச்சலாகவும் இருந்தது.

குப்பைத் தொட்டியிலிருந்து பழைய சர்க்கரைப் பாகின் வாசம் வந்தது. ட்வைட் கண்ணாடியை ஏற்றினார்.

“அங்க எதுக்குச் சிரிச்சாங்க?”

“இந்தக் கூரைய ஒசத்தச் சொன்னது நான்தான்னேன். நம்பல.”

ட்வைட் அண்ணாந்து பார்த்தார். “எவ்வளவு கேட்டே?”

“நாலு விரல்.”

ட்வைட்டின் தொப்பி கூரையில் உரசிக்கொண்டிருந்தது. அவர் அதைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். “என்னைய நெனச்சிருந்தா அஞ்சு கேட்டிருப்பே.”

நார்ம், இந்த முன்விளக்குகளுக்கு மட்டும் பொறுப்பு தன்னுடையதல்ல என்றும், அன்றைக்குத் துணி போட்டு மறைத்து ஏமாற்றிவிட்டார்கள் என்றும் சொன்னார். ட்வைட் தனக்கு அவை பிடித்திருப்பதாகச் சொன்னார். உனக்குக் கண் தெரியவில்லை என்றார் நார்ம். தெரியாமலா இத்தனை வருடம் ஊர்ப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போனேன் என்றார் ட்வைட். ஒரே மூச்சில் அவர் அவ்வளவு பேசி நார்ம் கேட்டதில்லை. பேச்சு தடித்து, இரண்டு பேரும் கைகளை ஆட்டத் தொடங்கியது எதிர்ப்புறம் வரை தெரிந்திருக்க வேண்டும். ரஸ் வாண்டர்மோலன் இரண்டு கையிலும் காப்பியோடு இந்தப் பக்கம் நடந்து வந்துகொண்டிருந்தார், தான் இல்லாமல் ஒரு சண்டை நடப்பதைப் பொறுக்கமாட்டாதவராக.