மதினி கட்டிய பெட்டி

திரையில் ஒரு வட்ட டப்பா தெரிந்தது. டப்பா நிறைய அரிசி, அரிசிக்கு நடுவில் கறுப்பாக ஒரு கட்டை, அதைச் சுற்றி ஒயர். கொச்சி விமான நிலையத்தில் சந்தேகப்பட்ட பெட்டிகளைத் திறந்து பார்க்கும் அறையில் அந்தப் படத்தை எனக்குக் காட்டினார்கள். நான் முதன்முதலாக விமானம் ஏற வந்த நாள் அது. மைக்கில் என் பேரைக் கூப்பிட்டபோது, புதிதாகப் போகிறவர்களை எல்லாம் இப்படித்தான் கூப்பிடுவார்கள்போல என்று நினைத்துக்கொண்டு போனேன்.

மாட்டுப்பட்டிக்கு மேலே ஒரு தேயிலை எஸ்டேட்டில், தொழிலாளர்களுக்கு வரிசையாகக் கட்டிய லைன் வீடு ஒன்றில் பிறந்தவன் நான். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடம் முடிந்தது. அதன்பின் ஓரிடத்தில் ஒரு வருஷம் முழுதாக இருந்ததில்லை. தேயிலை ஃபாக்டரி, திருப்பூர் பனியன் கம்பெனி, நல்லேப்பிள்ளியில் நெல் அறுக்கும் வண்டியோடு இரண்டு போகம், மீனாட்சிபுரத்தில் பால் வண்டி. எங்கும் யாரும் போகாதே என்று சொல்லவில்லை. நானும் சொல்லிக்கொண்டு கிளம்பியதில்லை. அப்பா அம்மா இல்லை. அண்ணன் அதிகம் பேசமாட்டார். ஊருக்கு வந்தால் சோறு போட்டு, துணி துவைத்து, அடுத்த ஊருக்குப் பெட்டி கட்டித் தருவது அண்ணன் மனைவி, என் மதினிதான். கொழுந்து கிள்ளிக் கறை ஏறிய விரல்களால் அவர் மடிக்கும் சட்டை, கடையில் மடித்து வைத்ததுபோல இருக்கும். வளைகுடாவில் ஒரு மாட்டுப் பண்ணையில் வேலை கிடைத்தபோதும் அவர்தான் கட்டினார்.

எங்கள் பக்கம் ஆடி மாதத்து மழையும் மூட்டமும் வீட்டுக்குள்ளேயே புகுந்துவிடும். தீப்பெட்டி நமுத்துப்போகும். ரேடியோ, செல்போன் எதுவும் இரண்டு மழைக்காலம் தாங்காது. அதனால் லைனில் எல்லா வீட்டிலும் ஒரு டப்பா ரேஷன் அரிசி தனியாக இருக்கும். அது சமைக்க அல்ல, செல்லையும் சார்ஜரையும் புதைத்துவைக்க. ஈரத்தை அரிசி இழுத்துக்கொள்ளும். என் பவர் பேங்கையும் மதினி அப்படித்தான் ஒரு பிஸ்கட் டப்பாவில் புதைத்து, மூடியைச் சுற்றி டேப் ஒட்டினார். டேப்பைப் பல்லால் கடித்து அறுத்துக் கொடுத்தது நான். "எறங்குனதும் போன் பண்ணணும். சார்ஜ் இல்லேன்னு கத விடக் கூடாது தம்பி," என்றார். "கைப்பை பஸ்ல நசுங்கும். இது பெரிய பெட்டியிலயே இருக்கட்டும்." பவர் பேங்க் கைப்பையில்தான் போகவேண்டும், சரக்கோடு ஏற்றும் பெட்டியில் போகக் கூடாது என்பது எங்கள் இருவருக்குமே தெரியாது.

அறையில் இருந்த பெண் அதிகாரி மலையாளம் கலந்த தமிழில் கேட்டார். "இது ஆரு பேக் பண்ணது? நீங்களா?"

என் விசா மறுநாளோடு முடிகிறது. இந்த விமானத்தை விட்டால் வேலை போய்விடும். திரையில் இருந்த படம் எனக்கே சினிமாவில் காட்டும் குண்டுபோல இருந்தது. "தெரியாது மேடம். யாரோ வெச்சிருக்காங்க," என்றேன்.

அதைவிட மோசமான பதிலை அங்கே யாரும் சொல்லியிருக்க முடியாது. இன்னும் இரண்டு பேர் உள்ளே வந்தார்கள். கதவைச் சாத்தினார்கள். "யாரோன்னா ஆரு? வீட்டில பெட்டி கட்டியது ஆரு?" மதினி என்றேன். போனை ஸ்பீக்கரில் போட்டு அவரைக் கூப்பிடச் சொன்னார்.

அது மதிய எடை நேரம். எங்கள் எஸ்டேட்டில் கொழுந்து எடை போடும் கொட்டகையில் மட்டும்தான் சிக்னல் எடுக்கும். முதல் மணியிலேயே மதினி எடுத்துவிட்டார். "என்ன தம்பி, ஏறியாச்சா?"

"ஏர்போர்ட் செக்யூரிட்டியிலிருந்து பேசுறேன்," என்றார் அதிகாரி. "அரிசி டப்பாக்குள்ள பவர் பேங்க் இருக்கு. ஆரு வெச்சதுன்னு இவருக்குத் தெரியாதாம்."

போனில் கொட்டகையின் இரைச்சல் கேட்டது. ஒருத்தி, "யாருக்கா, போலீசா? ஒங் கொழுந்தன் தேயிலத்தூளு கடத்துறானா?" என்று சிரித்தாள்.

"ஆமாம்மா, அவனுக்குத் தெரியாது," என்றார் மதினி. "அவன் தூங்குறப்ப நாந்தான் வெச்சேன். இங்க மழைக்கி எல்லாம் செத்துப்போகுதுன்னு அரிசியில போட்டு வைக்கிறது. தப்புன்னா என்னய வையிங்க. புள்ளய ஏத்திவிட்டுருங்க."

அதிகாரிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. டப்பாவைத் திறந்து, பவர் பேங்கைத் துடைத்து என் கையில் கொடுத்து, சோதனையில் தட்டில் தனியாக எடுத்து வைக்கச் சொன்னார். கடைசி ஆளாக ஏறினேன். இருக்கையில் பெல்ட் போட்ட பிறகும் 'அவன் தூங்குறப்ப' என்ற சொல்தான் காதில் நின்றது. நான் தூங்கவில்லை என்பது அவருக்குத் தெரியும். இறங்கியதும் போன் செய்தேன். மழையைப் பற்றிப் பேசினார், அண்ணனின் இருமலைப் பற்றிப் பேசினார். நானும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. அடுத்த இரண்டு வருஷம் வாரம் ஒருமுறை பேசியும் எடுக்கவில்லை.

மதினி இப்போது வேலையிலிருந்து ஓய்வு பெற்று, லைன் வீட்டைக் காலி செய்துவிட்டு, போடியில் மகளோடு இருக்கிறார். நான் இன்னும் சுற்றிக்கொண்டிருக்கிறேன். விமான நிலையத்தில் யாரும் சொல்வதற்கு முன்பே போன், பவர் பேங்க், ஒயர் எல்லாவற்றையும் தட்டில் பரப்பிவிடுவேன். எனக்கு முன்னால் நிற்கும் குடும்பங்கள் ஒருவர் பையை ஒருவர் துழாவி, சார்ஜரை எங்கே வைத்தாய் என்று சண்டை போடும். என் பையில் எது எங்கே இருக்கிறது என்று என்னைத் தவிர யாருக்கும் தெரியாது.

அந்த இரண்டு வருஷம் கழித்து வந்த முதல் லீவு முடிந்து கிளம்பிய காலையில் மதினி நேந்திரங்காய் சிப்ஸ், தேயிலைத்தூள், ஊறுகாய், மடித்த சட்டைகள் எல்லாவற்றையும் கட்டிலில் வரிசையாக வைத்தார். பெட்டியைத் திறந்து பக்கத்தில் வைத்துவிட்டு, வாசற்படியில் போய் உட்கார்ந்தார்.

"நீங்க வைங்க மதினி," என்றேன்.

"வேணாம் தம்பி. நீயே வையி. கேட்டாங்கன்னா ஒனக்குத் தெரியணும்ல."

குரலில் கோபம் இல்லை. நான் சிப்ஸ் பொட்டலத்தை அடியில் போட்டு, அதன்மேல் ஊறுகாய் பாட்டிலையும் சட்டைகளையும் அடுக்கினேன். சிப்ஸ் நொறுங்கிவிடும் என்று எனக்குத் தோன்றவில்லை. அவருக்குத் தோன்றியிருக்கும். படியிலிருந்து பார்த்துக்கொண்டே இருந்தார்.