பாதி விளங்கிய பிரெஞ்சு

நான் பிரெஞ்சு படிக்கத் தொடங்கியது கோபத்தில்தான். பாரிசில் இருக்கும் என் தங்கையோடு வீடியோவில் கதைத்துக்கொண்டிருந்தபோது, பள்ளிக்கூடம் போகும் அவளுடைய மகள் குறுக்கே வந்து பிரெஞ்சில் ஏதோ சொல்லிவிட்டுச் சிரித்தாள். தங்கையும் சேர்ந்து சிரித்தாள். என்னைப் பற்றித்தான் என்று நினைத்தேன். இல்லையென்று பிறகு இரண்டு பேரும் சத்தியம் பண்ணினார்கள். நான் இன்றுவரை நம்பவில்லை.

எங்கள் இரண்டு வீட்டிலும் ஒரு பழக்கம் இருக்கிறது. போன் எடுத்தால் கதைக்க வேண்டும் என்றில்லை. அவள் தன் குசினியில் சீனிப் போத்தலில் போனைச் சாய்த்துவிட்டுச் சமைப்பாள். நான் திருகோணமலையில் உள்துறைமுகத் தெருவை ஒட்டிய என் முன்னறையில், தையல் மெசின் பக்கத்தில் போனை வைத்துவிட்டு பிளவுஸ் தைப்பேன். ஒரு மணித்தியாலத்தில் நாலு வார்த்தை கதைத்தால் பெரிய காரியம். அவள் வெங்காயம் நறுக்கும் சத்தம் கேட்டால் எனக்குப் போதும். அவளுக்கும் என் மெசின் சத்தம் போதும். அந்தத் திறந்த போன் வழியாகவே பிரெஞ்சும் என் வீட்டுக்குள் வந்துகொண்டிருந்தது. தங்கையின் மகள், என் பெறாமகள், சிநேகிதிகளோடு சண்டை பிடிப்பாள், டீவியில் மழைச் செய்தி போகும், பக்கத்து வீட்டுக்காரி கதவைத் தட்டி முறைப்பாடு சொல்லுவாள். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு நான் மண் மாதிரி இருப்பேன். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

பட்டினத்தில் ஒரு மருந்துக்கடைக்கு மேல்மாடியில் பிரெஞ்சு வகுப்பு நடந்தது. பிரான்சில் உள்ள புருசன்மாரிடம் போகக் காத்திருக்கும் புதுப் பெண்கள்தான் அங்கே படித்தார்கள். நடுவில் ஐம்பத்திரண்டு வயதில் நான்.

"அன்ரி, நீங்கள் ஆரிட்டப் போறியள்?" என்று ஒருத்தி கேட்டாள்.

"ஒருத்தரிட்டயும் இல்லை. சண்டை பிடிக்கப் படிக்கிறன்" என்றேன்.

புத்தகத்துப் பிரெஞ்சு எனக்குச் சுகமாக வந்தது. தங்கை வீட்டுப் பிரெஞ்சு வரவில்லை. புத்தகம் 'ஜ ந சே பா' என்று அழகாக நாலு துண்டாகச் சொல்லும். பெறாமகள் 'ஷே பா' என்று துப்பிவிட்டுப் போவாள். இரண்டுக்கும் ஒரே அர்த்தம், தெரியாது என்று. நாங்களும் 'வந்தேன்' என்று எழுதிவிட்டு 'வந்தனான்' என்றுதானே கதைக்கிறோம் என்று யோசித்தபோது கொஞ்சம் ஆறுதலாக இருந்தது. ஒவ்வொரு சொல்லையும் துரத்த வேண்டாம், ஒரு நிமிசத்துக் கதையைப் பத்துத் தரம் கேளுங்கள், குரல் எங்கே ஏறுகிறது என்று பாருங்கள் என்றார் வகுப்பில் படிப்பித்த சேர். அப்படியே செய்தேன். ஒருநாள் பிளவுஸ் கொடுக்க நிலாவெளிக்கு பஸ்ஸில் போனபோது முன் சீற்றில் இரண்டு பிரெஞ்சுக்காரிகள் வழி நெடுகக் கதைத்துக்கொண்டு வந்தார்கள். ஒருத்தியின் செருப்பு அறுந்துவிட்டது, மற்றவள் அப்பவே சொன்னேனே என்று ஏசுகிறாள். முழுதும் விளங்கிவிட்டது! அந்தச் சந்தோசப் புளுகத்தில் இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டிப் போய்விட்டேன். தங்கையிடம் மட்டும் மூச்சு விடவில்லை. இப்படி எட்டு மாதம் களவாகக் கேட்டேன்.

ஒரு வியாழக்கிழமை. எங்களுக்கு மத்தியானம், அவளுக்குக் காலை. ரொட்டிக்கு மா குழைத்துக்கொண்டிருந்தாள். அவளுடைய வீட்டுப் போன் அடித்தது. கை முழுக்க மா என்பதால் முழங்கையால் அமத்தி, சத்தத்தைக் கூட்டிவிட்டாள். ஒரு பெண்ணின் குரல். வேகமாக, மரியாதையாகக் கதைத்தது. பியோப்சி என்றது. ஒப்பெராசியோங் என்றது. மார்தி, அதாவது செவ்வாய்க்கிழமை, வரச் சொன்னது. தங்கை "வீ, வீ, மெர்சி மதாம்" என்று, ஆம், ஆம், நன்றி என்று, சொல்லி வைத்தாள்.

"ஆரடி அது?"

"அது கரண்டுக் கொம்பனி அக்கா."

கரண்டுக் கொம்பனி ஆருக்கும் ஒப்பரேசன் செய்வதில்லை. பக்கத்தில் கிடந்த பிளவுஸ் அளவு வெட்டிய மண்ணிறத் தாளில், காதில் விழுந்த சத்தங்களை மறக்க முதல் தமிழில் கிறுக்கினேன். அவற்றில் ஒன்று எனக்குத் தெரியாத சொல்: 'சேன் கோஷ்'.

பின்னேரம் தாளைச் சேரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். அவர் வாய்க்குள் ஒருதரம் சொல்லிப் பார்த்துவிட்டு யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"இது ஆருக்கு அக்கா?"

"ஒரு கஸ்ரமருக்கு."

"இடது மார்பு எண்டு அர்த்தம்" என்றார். என் முகத்தைப் பார்க்கவில்லை. நான் படிக்கம்பியைப் பிடித்துக்கொண்டு இறங்கினேன்.

பிறகு வந்த மூன்று நாளும் நான் பட்ட பயத்தை எப்படிச் சொல்வது? ஒன்றும் தெரியாதவளுக்குப் பயமில்லை. எல்லாம் தெரிந்தவளுக்கு ஒரு முடிவு இருக்கிறது. பாதி விளங்கினவள் பாடுதான் பெரும் பாடு. அவள் இருமினால் பயந்தேன். சட்டி விழுந்தால் பயந்தேன். நேரே கேட்போம் என்றால் அதற்கும் பயம். ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டு, நாளையிலிருந்து போனை அறைக்குள் கொண்டுபோய் வைத்துவிடுவாள். நோய் வருத்தத்தை மறைப்பதில் எங்கள் குடும்பம் கெட்டிக்காரக் குடும்பம். அம்மாவின் வருத்தத்தை அம்மாவுக்கே சொல்லாமல் வைத்திருந்தவர்கள் நாங்கள். இவள் போனை மூடினால் அந்தக் குசினிச் சத்தமும் எனக்கு இல்லாமல் போய்விடும்.

திங்கட்கிழமை அவள் தேங்காய் திருவிக்கொண்டிருந்தபோது என்னால் ஏலாமல் போய்விட்டது. தமிழில் கேட்டிருந்தால் பொய் சொல்லியிருப்பாள். "நாளைக்கு ஒப்பரேசனைப் பற்றி என்ன சொல்லப் போகினம்?" என்று பிரெஞ்சில் கேட்டேன்.

திருவல் சத்தம் நின்றது.

"அக்கா, உனக்கு ஆர் சொன்னது?"

"நீதான் லவுட்ஸ்பீக்கர் போட்டுக் கதைச்சனீ. நான் கேட்டனான்."

"உனக்கு விளங்கினதோ?"

"பாதி."

அவள் ஏசுவாள் என்று காத்திருந்தேன். அழுதாள். "எனக்கு அந்தப் பாதியும் விளங்கேல்ல அக்கா. மூண்டு மாசமாப் போறன். டொக்டர் என்ன சொன்னாலும் வீ, வீ எண்டு சொல்லிப்போட்டு வாறன். என்னத்திலயோ கையெழுத்தும் வைச்சிட்டன். முழுதா எடுக்கப் போகினமோ, என்ன செய்யப் போகினமோ, ஒண்டும் தெரியாது."

பதினெட்டு வருசம் தமிழ்க்கடையில் வேலை. பேக்கரியில் பாண் வாங்க, பஸ் ஏற, வணக்கம் சொல்லப் பிரெஞ்சு இருந்தது. மகள் சிரித்தால் இவளும் சிரிப்பாள், அவ்வளவுதான். அவள் வெள்ளைக்காரி மாதிரிக் கதைப்பாள் என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தவள் நான்.

"பிள்ளையிட்டச் சொல்லலாம்தானே?"

"அவளுக்குப் பள்ளிக்கூடத்தில சோதினை. குழம்பிப் போவாள்."

"ஆஸ்பத்திரியில தமிழ் ஆள் விடுவினமாமே, மொழிபெயர்க்க?"

"வேணுமோ எண்டு கேட்டவை. நான்தான் வேண்டாம் எண்டனான். தமிழ் ஆளுக்குத் தெரிஞ்சால் கடைத்தெரு முழுக்கத் தெரியும். நாளைக்குப் பெட்டைக்கு ஒரு சம்பந்தம் வரேக்க, தாய்க்குக் கான்சர் எண்டு எழும்பிப் போவினம்."

எனக்குக் கோபம் வரவில்லை. நானாக இருந்தாலும் அதையேதான் செய்திருப்பேன்.

செவ்வாய்க்கிழமை ஒரு மணிக்குக் கதவைப் பூட்டினேன். இரைச்சல் என்று காத்தாடியை நிற்பாட்டினேன். அங்கே காலை ஒன்பதரை. நாங்கள் பேசிவைத்தபடி, நான் கேட்டுச் சொல்வதற்காக, டொக்டரின் அறையில் போன் அவளுடைய கைப்பைக்குள் திறந்தபடி இருந்தது. பையின் சிப் உரசியது, கதிரை இழுபட்டது. பிறகு டொக்டரின் குரல். செருப்பு அறுந்த கதை போலவா இது? சொற்களின் வாலையெல்லாம் விழுங்கி விழுங்கிக் கதைத்தார். முதல் வசனத்தைப் பிடித்து வைப்பதற்குள் நாலாவது போய்விட்டது. வியர்வை கண்ணுக்குள் இறங்கியது. எட்டு மாதப் படிப்பும் என்னைக் கைவிட்டது. தங்கை "வீ" என்றாள். திரும்பவும் "வீ" என்றாள். எல்லாம் தெளிவுதானே என்று டொக்டர் கேட்டார். அவள் மூச்சை இழுப்பது எனக்குக் கேட்டது.

"நோங்!" என்று கத்தினேன்.

யார் அங்கே என்றார் டொக்டர். தங்கை போனை வெளியே எடுத்து மேசையில் வைத்தாள். தன் அக்கா என்றாள். நான் சொன்னேன்: "மன்னிக்க வேண்டும் ஐயா, அவளுக்கு விளங்கவில்லை. எனக்கும் விளங்கவில்லை. தயவுசெய்து மெதுவாகச் சொல்லுங்கள்." வாயைத் திறந்தால் பெருமை பேசுகிற நான், பிரெஞ்சில் ஒரு அந்நியரிடம் முதன்முதல் சொன்னதே எனக்கு விளங்கவில்லை என்பதுதான்.

டொக்டர் கதிரையைக் கிட்ட இழுத்துப் போட்டது கேட்டது. அவர் தொடங்க முதலே தங்கை கேட்டாள், மூன்றே சொல்லில், தான் சாகப் போகிறாளா என்று. அந்த வசனத்தை எனக்கு ஒருவரும் படிப்பிக்கவில்லை. உடனே விளங்கியது.

அவர் ஒவ்வொரு சொல்லாக இடைவெளி விட்டுப் பதில் சொன்னார். ஒன்றையும் நான் தவறவிடவில்லை.

"அக்கா, என்ன சொன்னவர்?"

"சின்னன்தானாம். வெள்ளனவே கண்டுபிடிச்சிட்டினமாம். அந்தக் கட்டியை மட்டும்தான் எடுப்பினமாம். பிறகு வைத்தியம் செய்தால் நல்ல நம்பிக்கை இருக்காம்."

அவளுக்கும் இந்த முறை விளங்கியிருக்கும் என்று எனக்குத் தெரியும். அவ்வளவு மெதுவாகத்தான் அவர் சொன்னார்.

"இன்னொருக்காச் சொல்லு" என்றாள்.

சொன்னேன்.