வேலில் கட்டிய பிராது

என் கையெழுத்து கோணலாக இருக்கும். பிழையும் இருக்கும். ஐந்தாவதோடு பள்ளிக்கூடம் விட்டவன். கோயிலில் இதைப் படிக்கும் பக்தர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். இதே கோணல் எழுத்தில் முன்பு சாமிக்கு ஒன்று எழுதினேன். அவர் அதைப் படித்துவிட்டார்.

மூங்கில்துறைப்பட்டு சர்க்கரை ஆலைக்குக் கரும்பு அனுப்பும் ஊர் எங்களுடையது. பத்தாவது, பதினொன்றாவது படிக்கும் பையன்கள் சாயங்காலமானால் கரும்புக் கொல்லைக்குள் குடிக்கப் பழகினார்கள். சிலர் ஓடுகிற டிராக்டரில் தொற்றிக் கரும்பு உருவினார்கள். இதைப் பார்த்துப் பொறுக்காமல், கல்லூரியில் படிக்கும் கவிதாவும் அவள் கூட்டாளிகளும் சனிக்கிழமைதோறும் ஊர்க் கூடத்தில் கேரம், பாட்டு, நாடகம் என்று நடத்தினார்கள். சுண்டலும் உண்டு. முடிந்ததும் ஒவ்வொரு பிள்ளையையும் வீடுவரை கொண்டுவந்து விடுவார்கள். என் மகன் பிரபு ஒரு வாரமும் தவறமாட்டான்.

டீக்கடையில் ஒருவர் சிரித்தார். "இன்னாப்பா, உம் புள்ள பொம்பள வேசம் கட்டிக்கினு ஆடுறானாமே! சினிமாவுல சேத்துட்டியா?"

எனக்கு முகம் எரிந்தது. கவிதாவிடம் நேரில் பேசக் கூச்சம். மகனிடம் கேட்கவும் வாய் வரவில்லை. எங்கள் பக்கம் மனக்குறையைத் தாளில் எழுதி முனியப்பர் கோயில் வேலில் கட்டுவோம். பிராது கட்டுவது என்று அதற்குப் பெயர். 'இந்தக் கூத்து நிற்க வேண்டும்' என்று எழுதிக் கட்டினேன்.

கார்த்திகைக் காற்றில் கூடத்தின் தகரக் கூரை பறந்தது. சனிக்கிழமைகள் நின்றுபோயின. பிள்ளைகள் முகம் வாடித் திரிந்தார்கள். நான் முனியப்பருக்குத் தேங்காய் உடைத்தேன்.

போன வருஷம் தை மாதம் ஒரு சனிக்கிழமை. போக இடமில்லாத பிரபு கரும்பு டிராக்டரில் தொற்றி விழுந்தான். டிரெய்லர் சக்கரம் காலில் ஏறியது. அவனைத் தூக்கிக்கொண்டு கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரிக்கு ஓடியது கவிதாவும் கூட்டாளிகளும்தான். ரத்தம் கொடுத்ததும் அவர்களே. "காலையிலதான் எதுவும் சொல்ல முடியும்" என்றார் டாக்டர்.

சுவரில் சாய்ந்து நின்றேன். "அப்பனே, நான் கேட்டது தப்பு. பிராத வாபஸ் வாங்கிக்கிறேன். புள்ளையக் குடு."

விடிந்ததும் பிரபு கண் திறந்து தண்ணீர் கேட்டான்.

அங்கேயே கவிதாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.

"எங்க மேலயே கேசு போட்டீங்களா மாமா? நேர்ல வந்து கேட்டிருந்தா கடிச்சா தின்னுருப்பேன்?" என்றாள். சிரிக்கத்தான் பார்த்தாள். கண் கலங்கிவிட்டது. "போங்க, போயி மொதல்ல கூரையப் போடுங்க."

பிராதை அவிழ்த்தேன். கூரையும் போட்டேன். இப்போது பிள்ளைகளை வீடுவரை கொண்டுபோய் விடுவது நான். பிரபு மறுபடி வேசம் கட்டுகிறான், கொஞ்சம் நொண்டிக்கொண்டு. சாமி உயிரைக் கொடுத்தார். அந்த நொண்டல் நான் எழுதியது.

நம்பிக் கேளுங்கள், அவர் கேட்பார். யார் பிள்ளைகளுடைய சந்தோஷத்துக்கும் எதிராக மட்டும் கேட்காதீர்கள்.

நான் பிராது கட்டியது பிரபுவுக்கு இன்னும் தெரியாது. வீட்டில் பிழை திருத்தத் தெரிந்தவன் அவன் ஒருவன்தான். இன்று கூடத்துக்குக் கிளம்பும் முன் இந்தத் தாளை அவனிடம் கொடுக்கப் போகிறேன்.

பங்குனி 14, சனிக்கிழமை.