பச்சை டின்னா, வெள்ளை டின்னா?

உள்ளே போகும்போது தேன் நிறம். வெளியே வரும்போது மை நிறம். நடுவில் ஆயிரக்கணக்கான மைல் ஓடியிருக்கும். ஆனால் இருந்த பெட்டியை விட்டு ஓர் அங்குலம்கூட நகர்ந்திருக்காது. அது என்ன?

என்ஜின் ஆயில் என்று சொல்லியிருந்தால் நீங்கள் ஏதோ ஒரு வண்டிக்குச் சொந்தக்காரர். உங்கள் கஷ்டம் எனக்குத் தெரியும். நான் அந்த ஆயிலை விற்றவன். என் கஷ்டத்தை நீங்கள் தெரிந்துகொள்ளுங்கள். ஆயில் கடை என்பது விசித்திரமான தொழில்: வாங்குகிறவர் சரக்கைக் கண்ணால் பார்ப்பது ஊற்றும்போது ஒரு நிமிடம்தான். அதற்குப் பிறகு எல்லாம் நம்பிக்கை. ஏற்காட்டில் ஒண்டிக்கடை என்கிற முனையில் எனக்கு ஒரு சின்னக் கடை இருந்தது. தொண்ணூறுகளின் நடுவில் ஒரு மழைக்காலத்தில், சேலத்திலிருந்து இரண்டு கம்பெனிகளின் சிந்தெட்டிக் ஆயில் ஒரே வாரத்தில் வந்து இறங்கியது. ஒன்று பச்சை டின், இன்னொன்று வெள்ளை டின். கம்பெனிப் பெயரை யாரும் சொன்னதில்லை. நிறம்தான் பெயர்.

சேலையும் ஆயிலும்

சாதாரண ஆயில் பூமிக்கு அடியிலிருந்து வருவது, இது ரசாயன முறையில் தயாரிப்பது, சூட்டிலும் குளிரிலும் சீக்கிரம் குணம் மாறாது என்று வந்தவர்களுக்கெல்லாம் விளக்கினேன். மலைப்பாதை டிரைவர்களுக்கு ஆயிலைச் சோதிக்க ஒரு வழி உண்டு. ஒரு சொட்டைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்துத் தேய்த்து, விரல்களை மெல்லப் பிரிப்பார்கள். நூல் மாதிரி இழுத்துக்கொண்டு வந்தால் நல்ல ஆயில். புது ஆயிலில் அந்த நூல் சரியாக வரவில்லை. "தண்ணியாட்டம் இருக்குதுங்க" என்று சொல்லிவிட்டு, விரலை என் கடைக் கதவில் துடைத்துவிட்டுப் போனார்கள். கதவில் அந்தக் கறை கடைசிவரை போகவில்லை.

மளிகைக்கடை பஷீர் பாய் விரலால் தொடவில்லை. என்னைவிடப் பத்து வயது மூத்தவர்; எதையும் யோசித்துத்தான் கேட்பார். இரண்டு டின்களையும் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். பெயரில் இருந்த சிந்தெட்டிக்தான் அவரை உறுத்தியது.

"எங்க ஊட்ல சிந்தெட்டிக் சேலை அடுப்புப் பக்கம் போனாலே சுருங்கிப் போவுது தம்பி. இது என்ஜினுக்குள்ள போனா என்னாகும்?"

மூன்று பாட்டில்

எனக்கும் தெரிந்துகொள்ள ஆசை. மூன்று கண்ணாடிப் பாட்டில்களில் சாதாரண ஆயில், பச்சை டின் ஆயில், வெள்ளை டின் ஆயில் மூன்றையும் ஒரே அளவு ஊற்றிக் கடைக்கு வெளியே வைத்தேன். மார்கழிப் பனி இறங்கி, காலையில் பாட்டில்கள் சில்லென்று இருந்தன. மூன்றையும் ஒன்றாகச் சாய்த்தேன். சாதாரண ஆயில் வெல்லப்பாகு போல யோசித்து யோசித்து வந்தது. மற்ற இரண்டும் உடனே ஓடிவந்தன. அந்த இரண்டில் எது முந்தியது என்று பார்க்க நாலு நாள் சாய்த்துப் பார்த்தேன். இரண்டு நாள் பச்சை, இரண்டு நாள் வெள்ளை.

பக்கத்து ஷெட்டின் மெக்கானிக் துரை இதையெல்லாம் பல் விளக்கிக்கொண்டே பார்த்தார். நாலாம் நாள் வாயைக் கொப்பளித்துவிட்டு வந்தார்.

"ஏனுங்கண்ணா, பாட்டல்ல ஏறி யாரு சேலம் போறாங்க?"

காளியப்பனின் கார்

மாரமங்கலத்துக் காளியப்பனுக்குக் கொஞ்சம் காப்பித் தோட்டமும் மிளகும் உண்டு. அதில் குடும்பம் நடக்காது என்று பழைய கார் ஒன்றை வாங்கி வாடகைக்கு ஓட்டினார். ஒருமுறை என்ஜின் இறுகி நின்றுபோய், சேலத்தில் பிரித்துப் புதிதாகக் கட்டினார்கள். கட்டிய இடத்தில், முதல் சர்வீஸ் முடிந்ததும் சிந்தெட்டிக் ஆயில் ஊற்றச் சொன்னார்கள். பச்சை டின் வாங்கிக்கொண்டு போனார்.

ஒரு மாதம் கழித்து மறுபடி வந்தார். பிறகு பதினைந்து நாளில். பிறகு வாராவாரம். ஊற்றுகிற ஆயில் எங்கே போகிறது என்றே தெரியவில்லை என்றார். காருக்குப் பின்னால் நீலப்புகை வேறு. துரை ஷெட்டில் ஏற்றிப் பார்த்தார். ஆயில் அளவு காட்டும் ஸ்டிக்கை உருவினார். ஆயில், அதில் போட்டிருந்த கீழ்க்கோட்டுக்கும் கீழே இருந்தது. பிஸ்டனைச் சுற்றி ஆயிலைத் தடுக்கும் ரிங் தேய்ந்துபோய்விட்டது, என்ஜினை மறுபடி பிரிக்க வேண்டும் என்று முடிவு சொன்னார். இன்னொரு தடவை பிரிக்கக் காளியப்பனிடம் வழியில்லை. காரை விற்றுவிட்டுப் பழையபடி எஸ்டேட் கூலிக்குப் போவதுதான் பாக்கி. வாங்க ஓர் ஆள் அடுத்த வெள்ளிக்கிழமை சேலத்திலிருந்து வருவதாக இருந்தது.

தப்பு ஆயிலிலா, என்ஜினிலா? அவர் விற்பதற்குள் எனக்கு அது தெரிந்தாக வேண்டும். என் கடையில் வாங்கிய ஆயில் அல்லவா? தினமும் யார் ஸ்டிக் பார்ப்பது என்று கேட்டேன். மகள் பொன்னியாம், நாலாம் வகுப்பு. அவள் கை சின்னது, சூடான குழாய்களுக்கு நடுவில் சுடாமல் நுழையும். காரின் முன் சீட்டில்தான் உட்கார்ந்திருந்தாள். சரியாகத்தான் பார்க்கிறாயா கண்ணு என்றேன். அவள் ஜன்னல் வழியாக என்னைப் பார்த்தாள்.

"தொடச்சு, உள்ள உட்டு, மறுக்கா எடுத்துத்தானுங்க பாக்கறேன். கோடு எனக்குத் தெரியாதுங்களா?"

பாயின் சத்தியம்

இதற்கிடையில் பஷீர் பாய் தன் காருக்கு வெள்ளை டின் வாங்கி ஊற்றியிருந்தார். சேலையை மறந்துவிட்டார். ஆறு மாதமாக ஒரு சொட்டுக்கூட ஊற்றவில்லையாம். தினமும் காலையில் ஸ்டிக் பார்க்கிறாராம். மேல்கோட்டை விட்டு இறங்கவே இல்லையாம். இதை அவர் மளிகைக்கடையில் சீரகம் கட்டும்போது ஒருவரிடம், பருப்பு நிறுக்கும்போது ஒருவரிடம் என்று ஊர் முழுக்கச் சொன்னார். பச்சை டின் குடிக்கும், வெள்ளை டின் குடிக்காது என்று மலை முழுக்கப் பேச்சாகிவிட்டது. என் அலமாரியில் பச்சை டின்கள் அசையாமல் நின்றன.

காளியப்பனும் வெள்ளைக்கு மாறலாமா என்று அவரையே கேட்டார். பாய் தன் நெஞ்சில் கை வைத்தார்.

"காளியப்பா, என் பொண்டாட்டி என்ன பேசுறான்னு எனக்கு ஒண்ணும் தெரியாது. என் காரு ஆயிலுக்கு நான் சத்தியம் பண்ணுவேன்."

ஏழாம் நாள்

முடிச்சின் நுனியை எனக்குக் காட்டியவர் நாகலூர்ப் பக்கத்து எஸ்டேட் ஒன்றில் கணக்கு எழுதும் ரைட்டர் அருளப்பன். எஸ்டேட் காரைக் கவனிப்பதும் அவர் வேலை. மழை எத்தனை அங்குலம், எந்தப் பசு கன்று போட்டது என்று எதையும் எழுதி வைக்கிற மனிதர். ஆயில் அளவையும் எழுதி வைத்திருந்தார். அவரும் பச்சை டின்தான். ஆனால் மேனேஜர் சொல்லாமல் அவர் ஊற்றமாட்டார், எழுதுவதோடு சரி. திங்கள் முதல் சனி வரை ஸ்டிக் கீழ்க்கோட்டில். ஞாயிற்றுக்கிழமை மட்டும் மேல்கோட்டில். திங்கட்கிழமை மறுபடி கீழே. நாலு வாரமாக இப்படியே.

ஞாயிற்றுக்கிழமை ஸ்டிக்கை எங்கே வைத்துப் பார்ப்பீர்கள் என்றேன். சர்ச் மைதானத்தில், பூசை முடிந்து வந்து பார்ப்பாராம். மற்ற நாளில்? பங்களா வாசலில், ஏற்றத்தில், மூக்கு மேலே பார்த்தபடி கார் நிற்கும். அப்போது என் கையில் டீ இருந்தது. டம்ளரைச் சாய்த்தேன். ஒரு பக்கம் டீ விளிம்புக்கு வந்தது, மறு பக்கம் அடியைத் தொட்டது. இந்தக் கார்களில் ஸ்டிக் இருப்பது என்ஜினின் முன்பக்கம். மூக்கு மேலே இருந்தால் ஆயில் பின்னால் போய்விடும். ஸ்டிக் குறைவாகக் காட்டும். அருளப்பனுக்கு இது தோன்றவில்லை. அவர் தன் காகிதத்தைக் கவலையோடு மடித்தார்.

"ஆறு நாளு குடிச்சுப்போட்டு ஏழாம் நாளு கக்கீருதுங்க. இதை மேனேஜர்கிட்ட நான் எப்படிங்க சொல்றது?"

தண்ணீர் ஓடாத இடம்

ஏற்காட்டில் ஒரு கார் எந்தப் பக்கம் பார்த்து நிற்கிறது என்பதை வைத்தே அதன் நோயைச் சொல்லிவிடலாம். பாயின் காருக்குப் பாட்டரி மந்தம்; அதனால் கடைச் சரிவில் மூக்கைக் கீழே பார்த்து நிறுத்தி, சக்கரத்துக்குக் கல் வைப்பார். காலையில் கல்லை எடுத்தால் உருண்டு ஸ்டார்ட் ஆகிவிடும். காளியப்பனின் வீடு ரோட்டுக்கு மேலே இருந்தது. கார் ஏறிப்போய் மூக்கைத் தூக்கிக்கொண்டு நிற்கும். துரையின் ஷெட்டோ, மழைத்தண்ணீர் வெளியே ஓடுவதற்காகவே வாசல் பக்கம் சரிவாகப் போட்ட தரை; உள்ளே நுழைந்த காரின் மூக்கு அங்கேயும் மேலேதான்.

வியாழக்கிழமை இரண்டு காரையும் ஏரிக்கரைக்கு வரச் சொன்னேன். காளியப்பனுக்கு மனமில்லை, நாளைக்கு விற்கப்போகிற மாட்டுக்கு இன்று எதற்கு வைத்தியம் என்கிற மாதிரி வந்தார். தரையில் ஒரு செம்புத் தண்ணீர் ஊற்றினேன். எந்தப் பக்கமும் ஓடாமல் நின்ற இடத்தில் காரை நிறுத்தினோம். என்ஜினை அணைத்துப் பதினைந்து நிமிடம் காத்திருந்தோம். காளியப்பன் காரில் ஆயில், மேல்கோட்டுக்கு மேலே இரண்டு விரற்கடை நின்றது. குறைகிறது என்று நினைத்து ஊற்றி ஊற்றி நிரப்பியிருக்கிறார். கூடுதலாக இருந்தது எரிந்து நீலப்புகையாகப் போயிருக்கிறது. அது குறைந்ததும் மறுபடி ஊற்றியிருக்கிறார்.

பிறகு பாயின் கார். ஸ்டிக்கின் நுனி மட்டும் லேசாக நனைந்திருந்தது. கடைச் சரிவில் முன்னால் ஓடிவந்து நின்ற ஆயிலைத்தான் இத்தனை நாளும் அளந்திருக்கிறார். பாய் தானே துடைத்து, தானே விட்டு, தானே எடுத்துப் பார்த்தார். மூன்று தடவை. அப்புறம் பானெட்டை மெல்ல மூடி, அதன் மேல் கையை வைத்தார்.

"அப்ப இத்தினி நாளா என் காரு ஓடுனது ஆயில்ல இல்ல தம்பி. அல்லா காப்பாத்துனதுதான்."

கோணல்

அன்று மத்தியானமே காளியப்பன் காரிலிருந்து கூடுதல் ஆயிலை வடித்தோம். ஆனாலும் புகை நிற்குமா? ரிங் நிஜமாகவே தேய்ந்திருந்தால் நிற்காது. என் கணக்கு தப்பாகியிருந்தால், வாங்க வருகிறவரையும் திருப்பி அனுப்பிவிட்டு அவர் ஒரு செத்த என்ஜினோடு நிற்க வேண்டும். துரை, காளியப்பன், நான் மூவரும் அடிவாரம் வரை இறங்கினோம். பின் சீட்டில் துரை திரும்பி உட்கார்ந்து கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டே வந்தார். இறங்கும்போது புகை இருந்தது. மறுபடி ஏறும்போது எட்டாவது வளைவு வரை இருந்தது. பிறகு விட்டு விட்டு வந்தது. பதினைந்தாவது வளைவில் துரை, நிறுத்தி ஆக்ஸிலரேட்டரை அழுத்தச் சொன்னார். இறங்கிப் பின்னால் போய்க் குனிந்து நின்றார். ஒன்றும் வரவில்லை.

மறுநாள் சேலத்துக்காரர் வந்தார். காளியப்பன் அவருக்கு டீ வாங்கிக் கொடுத்து, "வண்டி விக்கறதில்லைங்க" என்று சொல்லி பஸ் ஏற்றிவிட்டார். மூன்றாம் நாள் துரை என் கடைக்கு வந்து ஸ்டூலில் உட்கார்ந்தார்.

"ரிங்கு நல்லாத்தாண்ணா இருக்குது. என்ற ஷெட்டுதான் கோணல்."

பொன்னி எடுத்த டின்

அடுத்த சனிக்கிழமை காளியப்பன் ஆயிலை முழுக்க மாற்ற வந்தார். பொன்னியும் கூட வந்தாள். இரண்டு டின்களையும் மேஜை மேல் வைத்து, இரண்டிலும் கெட்டித்தன்மையைக் காட்டும் எண் ஒன்றேதான் போட்டிருக்கிறது, ஒரே தரம்தான், என் பாட்டில்களிலும் ஒரே மாதிரிதான் ஓடின என்று சொன்னேன். காளியப்பன் பச்சையைத் தொட்டார், வெள்ளையைத் தொட்டார், தாடையைத் தடவினார்.

"எம் பேச்சு எடுபடாதுங்க. ஸ்டிக்கு பாக்கறவ அவதான். சாமி, நீயே எடு" என்றார்.

எந்த டின் நல்ல டின் என்று ஆறு மாதம் மலை முழுக்கச் சண்டை போட்ட நாங்கள், உண்மையில் அளந்துகொண்டிருந்தது அவரவர் வீட்டு வாசலின் சரிவைத்தான்.

பொன்னி வெள்ளை டின்னை எடுத்தாள். காலிப் பச்சை டின் வீட்டில் ஏற்கனவே பதினொன்று இருக்கிறதாம்.